தெளிந்த வட்டம்

நான் யாரையும் சட்டுனு நம்பற ஆள் இல்ல. பால் பாக்கெட்ல தேதி சரியா இருந்தாலும் மோந்து பார்த்துட்டுத்தான் காய்ச்சுவேன். இதுக்கு என் தொழிலைத்தான் குத்தம் சொல்லணும். ஆஸ்பத்திரி லேப்ல கிருமி வளர்த்துப் பார்க்கற வேலை எனக்கு. பளபளன்னு துடைச்சு வெச்ச மேஜையிலேர்ந்து ஒரு சொட்டு எடுத்துத் தட்டுல தடவி வெச்சா, மறுநாள் காலையில அங்க ஒரு ஊரே குடியிருக்கும். தினமும் இதைப் பார்க்கறவளுக்கு யார் மேல நம்பிக்கை வரும், நீங்களே சொல்லுங்க.

அதனாலதான், என் தங்கச்சி குழந்தைக்கு மருந்து கேக்கலன்னதும் எனக்குக் கிருமி மேல சந்தேகம் வரல. மனுஷி மேலதான் வந்துச்சு.

தங்கச்சிக்குக் குறைமாசப் பிரசவம். பெண் குழந்தை, என் முழங்கை நீளம்கூட இல்ல. எங்க ஆஸ்பத்திரியிலயே பச்சைக்குழந்தை வார்டுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. ஒரு வாரம்கூட ஆகல, ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. உடம்பு சில்லுனு போயிடும், மூச்சு திடீர்னு நின்னு நின்னு வரும். தங்கச்சி புருஷனுக்குக் கப்பல்ல வேலை, அவர் எங்கயோ நடுக்கடல்ல இருந்தார். தங்கச்சி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல்ல உக்காந்து உள்ள பார்த்துக்கிட்டே இருப்பா. சாப்பிடுன்னா சாப்பிடுவா, எழுந்திருன்னா எழுந்திருப்பா, அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குழந்தைக்கு மருந்து போடறது அவளோட நாத்தனார். புருஷனோட அக்கா. அந்த வார்டு நர்ஸ். சொந்தக்காரங்க குழந்தையை சொந்தக்காரங்க பார்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆள் பத்தாத எடத்துல விதியை யார் பார்க்கறாங்க.

எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்துலேர்ந்தே ஆகாது. தங்கச்சிக்குக் கல்யாணமான புதுசுல, "உங்க அக்கா வீட்டுக்கு வரும்போது செருப்போட சேர்த்துக் கையையும் வெளிய கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லு"ன்னு சொன்னவ அவ. நான் கிருமியோட புழங்கறேனாம். சரி, சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். நான் விடல. அன்னிலேர்ந்து அண்ணின்னு முறை சொல்லிக் கூப்பிடறதை நிறுத்திட்டேன். ஆஸ்பத்திரியில எல்லாரும் அவளை சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க, அது எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு. அவ என்னை "லேபு"ன்னு கூப்பிடுவா. "என்ன லேபு, இன்னிக்கு என்ன முளைச்சிருக்கு?" இப்படித்தான் எங்க பாசம்.

குழந்தையோட ரத்தம் என் மேஜைக்குத்தான் வந்துச்சு. என் கையாலதான் தடவினேன். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி, குண்டு குண்டா, வழவழன்னு, தட்டை மூடின மூடியில ஒட்டற அளவுக்கு. அதுல நல்லா வளர்ந்த குண்டு ஒண்ணைக் கம்பியில தொட்டு எடுத்து, இன்னொரு தட்டுல பரப்பி, மேல மருந்துல ஊறின காகிதப் பொட்டுகளை வெச்சேன். எந்த மருந்து கிருமியைக் கொல்லுதோ அந்தப் பொட்டைச் சுத்தி ஒண்ணும் முளைக்காது, தெளிவா ஒரு வட்டம் விழும். டாக்டர் எதிர்பார்த்த மருந்துக்கு நல்லா அகலமா வட்டம் விழுந்துச்சு. ஸ்கேல் வெச்சு அளந்தேன். வேலை செய்யும்னு ரிப்போர்ட் கொடுத்தேன். தங்கச்சிகிட்ட ஓடிப் போய், "கவலைப்படாதடி, மருந்து இருக்கு"ன்னு சொன்னேன். அன்னிக்குத்தான் அவ ஒழுங்கா சாப்பிட்டா.

மருந்து போட ஆரம்பிச்சாங்க. குழந்தை ரெண்டு நாள் கொஞ்சம் தேறின மாதிரி இருந்து, அப்புறம் பழையபடி சில்லுனு போச்சு. மறுபடி ரத்தம் எடுத்தாங்க. மறுபடி அதே கிருமி. மறுபடி தொட்டு எடுத்து, பரப்பி, பொட்டு வெச்சேன். மறுபடியும் அதே அகலமான வட்டம்.

இப்போ நீங்களே யோசிங்க. என் தட்டுல சாகற கிருமி குழந்தை உடம்புல சாகல. தட்டுல மருந்தை வெச்சது நான். உடம்புல மருந்தைப் போடறது அவ. அப்படின்னா குழந்தை உடம்புக்குள்ள போறது மருந்தே இல்ல. எனக்கு இந்தக் கணக்குக்கு வேற விடை வரல.

அந்த மருந்து லேசுப்பட்ட விலை இல்ல. குப்பியில வெள்ளைப் பொடியா இருக்கும், தண்ணி கலந்து போடணும். பொடியைக் கலக்காம வெறும் தண்ணியை ஊசியில ஏத்தினா யாருக்குத் தெரியும். முழுக் குப்பியை வெளிய கொண்டுபோய்க் கொடுத்தா வாங்கிக்க ஆள் இருக்கு. இப்படி நடந்து வேற எடத்துல பிடிபட்டதா காதுல விழுந்திருக்கு. சொந்தத் தம்பி குழந்தைக்கா செய்வான்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். கேட்டுக்கிட்டே அவளைக் கவனிக்க ஆரம்பிச்சேன்.

என்னைப் பார்த்தா பேச்சை நிறுத்தினா. மருந்து கலக்கும்போது முதுகைத் திருப்பி வெச்சுக்கிட்டா. ஒரு நாள் நான் மேல போனப்ப, அவ மருந்து போட்டு முடிச்சுட்டு, காலிக் குப்பியைக் குப்பை டப்பாவுல போடாம சுத்தும் முத்தும் பார்த்துட்டு ஏப்ரன் பாக்கெட்ல போட்டுக்கிட்டா. அன்னிக்கு மத்தியானம் நர்ஸுங்க சாப்பிடற ரூம்ல அவ கைப்பையை நாற்காலியில வெச்சுட்டுக் கை கழுவப் போனா. நான் அந்தப் பையை லேசா நகர்த்தினேன். உள்ள கலகலன்னு கண்ணாடிச் சத்தம். ஜிப்பைத் திறக்கற அளவுக்கு நான் கீழ இறங்கல, ஆனா திறந்துதான் இருந்துச்சு. உள்ள ஒரு பிளாஸ்டிக் கவர், அது நிறைய அதே மருந்தோட குப்பி. நிறைஞ்சதா காலியான்னு பார்க்க நான் நிக்கல.

நேரா தங்கச்சிகிட்ட போனேன்.

"அவ ஊசி போடறதைப் பார்க்கறியா நீ? குப்பியில பொடி இருக்கா, கரையுதா, எல்லாம் பார்க்கறியா?"

"யாரு, அண்ணியா? எதுக்குக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் பாப்பாவைப் பார்ப்பேனா, ஊசியைப் பார்ப்பேனா? அண்ணி வீட்டுக்கே போகாம இங்கயே கெடக்கறாங்க. உனக்கு அவங்களைப் பிடிக்காதுன்னு தெரியும். இப்போ இதையெல்லாம் ஆரம்பிக்காத."

"எனக்குப் பிடிக்கறது பிடிக்காததை விடு. குழந்தை போயிடுச்சுன்னா அப்புறம் யாரைக் கேப்பே?"

சொல்லியிருக்கக் கூடாது. அவ முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. ஸ்டூலைக் கண்ணாடிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டுத் திரும்பி உக்காந்துட்டா.

எனக்குக் கோவம் இன்னும் ஏறிச்சு. குழந்தை டாக்டர் ரூமுக்குப் போனேன். அவர் எப்பவும் பாதி டீயோட இருக்கற மனுஷர், முழுசாக் குடிச்சு நான் பார்த்ததே இல்ல. பையில குப்பி இருக்கறதையும், என் ரிப்போர்ட் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"எனக்கும் புரியாமத்தான் இருக்கு. இந்த மருந்துக்கு ரெண்டு நாள்ல பிடி கிடைச்சிருக்கணும். இதுக்கு மேல ஒண்ணுதான் இருக்கு. அது கிருமியோட தோலையே கிழிக்கற மருந்து. கிழிக்கும், ஆனா இந்தக் குழந்தையோட கிட்னி தாங்குமான்னு தெரியாது. நல்ல மருந்து வேலை செய்யுதுன்னு உங்க ரிப்போர்ட் சொல்லும்போது நான் எப்படி அதைத் தொடறது?"

"நல்ல மருந்து உள்ள போகவே இல்ல டாக்டர். அதைத்தான் சொல்றேன்."

அவர் உடனே போனை எடுத்தார். அரை மணி நேரத்துல நாத்தனாரைக் கட்டு மாத்தற வார்டுக்கு அனுப்பிட்டாங்க. காரணம் சொல்லல. காரிடார்ல என்னைத் தாண்டிப் போனப்ப அவ என்னைப் பார்த்தா. "என்ன லேபு"ன்னு கேக்கல. எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு, அதை ஏன் மறைக்கணும்.

டாக்டர் ஒண்ணு கேட்டிருந்தார். "விசாரணைன்னு வந்தா உங்க தட்டைக் கேப்பாங்க. அந்த வட்டத்தை போட்டோ எடுத்துக் கொடுங்க." அங்கதான் சிக்கல். தட்டைப் பார்த்து முடிச்சதும் நாங்க வெச்சிருக்கறதில்ல. மறுநாள் காலையில படிச்சு, அளந்து, ரிப்போர்ட் எழுதி, வாளியில போட்டுடுவோம். வாளி ஆட்டோக்ளேவ் ரூமுக்குப் போகும். அது பெரிய பிரஷர் குக்கர், அதுல வெந்துதான் எங்க கிருமி எல்லாம் குப்பைக்குப் போகும். அதைப் பார்த்துக்கறவரை நாங்க பிரஷர்னுதான் கூப்பிடுவோம். அவருக்கும் கொஞ்சம் அதே குணம்.

"வெந்துடுச்சா?"ன்னு கேட்டேன்.

"எங்க வேகறது? வாஷர் போயி முந்தாநாள்லேர்ந்து குக்கர் தூங்குது. சொன்னா எவன் காதுல வாங்கறான். உங்க வாளி எல்லாம் அந்த மூலையில நாறிக்கிட்டு இருக்கு, போய்ப் பாருங்க. பார்த்துட்டு மேல சொல்லுங்க, நீங்க சொன்னாலாவது கேப்பாங்க."

நல்ல நேரம்னு நினைச்சுக்கிட்டுக் கையுறையை மாட்டினேன். அந்த ரூம் எப்பவும் புழுங்கும், கிருமிக்கு சொர்க்கம். வாளியைக் கிளறி, மூடியில என் கையெழுத்தைத் தேடி, குழந்தையோட தட்டை எடுத்தேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன்.

வட்டம் அப்படியேதான் இருந்துச்சு, அகலமா. ஆனா உள்ள சுத்தமா இல்ல. மணலைத் தூவின மாதிரி பொடிப் பொடியாப் புள்ளிங்க.

முதல்ல நான் நம்பல. எனக்குத்தான் நம்பற பழக்கம் இல்லையே. தட்டு பழசாச்சு, மருந்து வீரியம் போயிருக்கும், நாள் கழிச்சுப் பார்த்தா எந்த வட்டத்துலயும் ஏதாவது முளைக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வாளியில இருந்த மத்த தட்டுகளை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்தேன். மத்த நோயாளிங்க தட்டுல அதே மருந்து, அதே நாள், அதே புழுக்கம். வட்டம் எல்லாம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. குழந்தையோட தட்டுல மட்டும்தான் பொடி.

லேபுக்கு ஓடினேன். ஃபிரிட்ஜ்ல குழந்தை ரத்தத்துலேர்ந்து முதல்ல வளர்த்த தட்டு இருந்துச்சு. லென்ஸை வெச்சுப் பார்த்தேன். குண்டுங்க வழவழன்னு உக்காந்திருந்துச்சு. அதுங்களுக்கு நடுவுல, ஓரமா, ஒட்டினாப்ல, சாப்பாடு கிடைக்காத பிள்ளைங்க மாதிரி சின்னதா, வெளிறிப் போய் சிலது. நான் முதல் தடவையும் இதைப் பார்த்திருப்பேன். ரெண்டாவது தடவையும் பார்த்திருப்பேன். நாங்க எப்பவும் குண்டாத்தான் பார்த்து எடுப்போம். நல்லா வளர்ந்தது கம்பியில லேசா வரும், சீக்கிரம் பரவும், வட்டம் அழகா விழும். பொடியை யாரும் தொடறதில்ல. தொட்டா ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளிப் போகும்.

இதோட காரணம் எனக்குத் தெரியாததா? பரீட்சையில பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினவ நான். இந்தக் கிருமிக்கு வெளிய ஒரு தோல் உண்டு. அதுல புரதங்க பதிஞ்சிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. ஒரு புரதம் நம்ம உடம்புல ஒட்டிக்கறதுக்கு. இன்னொண்ணு ரத்தத்துல இருக்கற காவல்காரங்க கண்ணுல மண்ணைத் தூவறதுக்கு. இன்னொண்ணுதான் வாசல், நடுவுல துளை விட்ட புரதம். சாப்பாடு அது வழியாத்தான் உள்ள போகும். மருந்தும் அதே வழியாத்தான் போகும். மருந்து வந்து அடிக்கறதுக்கு முன்னாடியே கூட்டத்துல சிலது அந்த வாசலையே இல்லாம பண்ணிக்கும். அப்புறம் மருந்து உள்ள போகாது. சாப்பாடும் சரியாப் போகாது. அதனால மெல்ல, நோஞ்சானா, பொடியா வளரும். ஆனா சாகாது. குண்டெல்லாம் செத்துக்கிட்டு இருந்தப்ப, குழந்தை ரத்தத்துல பொடிங்க நிம்மதியா பெருகிக்கிட்டு இருந்திருக்கு. நான் அங்க உக்காந்து சாகறதையே திரும்பத் திரும்பச் சோதிச்சு, மருந்து வேலை செய்யுது, வேலை செய்யுதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

அவ பையை நகர்த்திப் பார்த்த அதே கையால கம்பியை எடுத்தேன்.

பொடியைத் தொட்டு எடுத்துப் புதுத் தட்டுல பரப்பிப் பொட்டு வெச்சேன். அது நாளைக்குத்தான் பதில் சொல்லும். குழந்தைக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கான்னு தெரியாது. பழைய தட்டை டேப் போட்டு மூடி எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடினேன். லிஃப்ட்டுக்கு நிக்கல.

டாக்டர் தட்டை விளக்குக்கு நேரா பிடிச்சார்.

"வாசலைச் சாத்திக்கிச்சு," அப்படின்னார்.

"ஆமா டாக்டர்."

"ஊசி சரியாத்தான் போயிருக்கு."

"ஆமா."

"பழைய தட்டு. இதை வெச்சு நான் முடிவெடுக்கலாமா? உறுதியாச் சொல்லுவீங்களா?"

கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இதே ரூம்ல நான் எவ்வளவு உறுதியாப் பேசினேன்னு அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். "மத்த தட்டுல இல்ல டாக்டர். எல்லாத்தையும் பார்த்துட்டேன். முதல் தட்டுலயும் பொடி இருக்கு. நான்தான் எடுக்கல."

அவர் டீயைத் தள்ளி வெச்சுட்டு எழுந்தார். தோலைக் கிழிக்கற மருந்தை அன்னிக்கே ஆரம்பிச்சாங்க. தங்கச்சிகிட்ட கிட்னி பத்தி அவரே சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அவ படிச்சுக்கூடப் பார்க்காம போட்டா. என் பக்கம் திரும்பல.

கட்டு மாத்தற வார்டு கீழ் தளத்துல. நாத்தனார் ஒரு பெரியவரோட கால் கட்டைச் சுத்திக்கிட்டு இருந்தா. முடிக்கற வரைக்கும் கதவோரமா நின்னேன். அவ என்னைப் பார்த்துட்டும் நிதானமாத்தான் சுத்தினா, பிளாஸ்திரியை ஒட்டினா, கையைக் கழுவினா, துடைச்சா.

"சொல்லு. போலீஸைக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"தப்பு என் மேல. நான் எடுத்துச் சோதிச்ச கிருமி வேற, உள்ள இருக்கறது வேற. மருந்து மாத்தியாச்சு."

அவளுக்கு முதல்ல மருந்துதான் காதுல விழுந்துச்சு. "எதுக்கு மாத்தினாங்க? எவ்வளவு டோஸ்? மூத்திரம் அளக்கறாங்களா? அங்க இப்போ நிக்கற பொண்ணு புதுசு, மறந்துடுவா." ஏப்ரனைக் கழட்டிக்கிட்டே நடக்க ஆரம்பிச்சவ, அப்புறம் நின்னா. அவளை அங்க விட மாட்டாங்கன்னு ஞாபகம் வந்திருக்கும்.

"டாக்டர் உங்களை மறுபடி அங்கயே போடச் சொல்லிட்டார்,"ன்னேன். "நான் சொன்னேன்."

"நீ சொல்லித்தானே இங்க வந்தேன். நீ சொல்லியே போறேன்."

அப்புறம் அவ கைப்பையை எடுத்தா. அந்தக் கவரை வெளிய எடுத்து என் முகத்துக்கு நேரா தூக்கிக் காட்டினா. எல்லாம் காலிக் குப்பி, ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளை டேப் ஒட்டி, போட்ட நேரம் எழுதியிருந்துச்சு. பக்கத்துல, கூட நின்னு பார்த்த இன்னொரு நர்ஸோட கையெழுத்து.

"இதைத்தானே பார்த்தே? பையை நகர்த்தி வெச்சிருந்தே. நான் எதையும் கோணலா வைக்கறதில்ல."

நான் ஒவ்வொரு டேப்பா நேரத்தைப் படிச்சேன்.

"முதல் நாளே ஆரம்பிச்சேன். குழந்தை தேறலன்னா நீ என்னைத்தான் கேப்பேன்னு எனக்குத் தெரியும். என் தம்பிகிட்ட நான் என்ன சொல்றது? என் கையாலதான்டா போட்டேன்னு சொன்னா, நீ உன் ரிப்போர்ட்டைக் காட்டுவே. அதான் ஒண்ணு விடாம எடுத்து வெச்சேன்." குரல் முதல் தடவையா ஒடஞ்சது. "பிள்ளைக்கு ஊசி குத்தறப்ப அதோட கையைப் பார்க்காம, உன்னை நினைச்சுக்கிட்டு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தேன்."

"கொடுங்க, நான் குப்பையில போட்டுடறேன்"னு கையை நீட்டினேன். அசட்டுத்தனமாத்தான் இருந்துச்சு.

"வேண்டாம். பிள்ளை வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்." கவரைப் பையில போட்டு, இந்தத் தடவை ஜிப்பை மூடினா.

மறுநாள் என் புதுத் தட்டுல மருந்துப் பொட்டைச் சுத்தி வட்டமே இல்ல. பொடிங்க பொட்டோட விளிம்பு வரைக்கும் முளைச்சிருந்துச்சு. அதுக்குள்ள குழந்தை உடம்பு கொஞ்சம் சூடு பிடிக்க ஆரம்பிச்சிருந்தது. கிட்னி ரெண்டு தடவை பயமுறுத்திட்டு அடங்கிச்சு. மருந்து கொடுத்த நேரம் எல்லாம் நாத்தனார் பக்கத்துலயே நின்னு, நாப்கினை எடை போட்டு எடை போட்டு மூத்திரத்தை அளந்தாளாம். நான் கண்ணாடிக்கு வெளிய நின்னேன். தங்கச்சி ஒரு நாள் ஸ்டூல்ல கொஞ்சம் நகர்ந்து எடம் விட்டா. நான் உக்காந்தேன். லேப்ல இப்போ நான் குண்டோட சேர்த்துப் பொடியையும் எடுக்கறேன், தட்டை ஒரு நாள் கூட வெச்சுப் பார்க்கறேன். ரிப்போர்ட் ஏன் லேட்டுன்னு மேலேர்ந்து சத்தம் வருது. வரட்டும்.

வீட்டுக்குப் போற அன்னிக்கு ரூம் நிறைய பை, துணி, பிளாஸ்க். தங்கச்சி குழந்தையை முதல்ல நாத்தனார் கையிலதான் கொடுத்தா. நான் வாசல்படிக்கிட்டயே நின்னேன். பிள்ளை இப்போ முழங்கையைத் தாண்டி வளர்ந்துட்டா, கொட்டாவி விட்டா.

"அண்ணி," அப்படின்னு கூப்பிட்டேன். இத்தனை வருஷத்துல முதல் தடவை. "நான் கொஞ்சம் வாங்கிக்கட்டுமா?"

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"கையைக் கழுவிட்டு வா."

கழுவினேன். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரைக்கும், எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி முழுசா. திரும்பி வந்து ரெண்டு கையையும் நீட்டினேன். அவ உடனே கொடுக்கல. என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் குழந்தையை அதுல வெச்சுட்டு, தன்னோட பையைத் திறந்து, அந்தக் கவரை எடுத்து, மூலையில இருந்த குப்பை டப்பாவுல மெதுவா இறக்கினா. குப்பிங்க ஒண்ணோட ஒண்ணு மோதற சத்தத்துக்குப் பாப்பா கண்ணைத் திறந்தா.